ஈட்டியை மாத்தினா என்ன பாஸ்?

நீரஜ் சோப்ராவைத் தெரியாதவங்க நம்ம காம்பஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. 2025 மே மாசம் தோஹாவுல அவர் 90.23 மீட்டர் எறிஞ்சு, முதல் தடவையா 90-ஐத் தாண்டினதும் ஞாபகம் இருக்கும். அன்னிக்கு அவரோட கோச் யாருன்னு தெரியுமா? ஜான் ஜெலெஸ்னி. 'யாரோ செக் நாட்டுக்காரராம்'னு அந்தப் பேரை அப்படியே தாண்டிப் போயிருப்பீங்க.

ஈட்டி எறிதலோட சூப்பர் ஸ்டாரே அவர்தான் பாஸ்! தொடர்ந்து மூணு ஒலிம்பிக்ஸ்ல தங்கம். 1996 மே 25-ம் தேதி, ஜெர்மனியில இருக்குற ஜெனா நகரத்துல 98.48 மீட்டர் எறிஞ்சு உலக சாதனை. 2025 முடியற வரைக்கும் அதை ஒருத்தராலயும் தாண்ட முடியலை. 2020-ல் ஜெர்மனியோட ஜோஹன்னஸ் வெட்டர் 97.76 வரைக்கும் வந்தார். பாக்கி இருந்தது 72 சென்டிமீட்டர்!

ஆனா, எனக்கு ஜெலெஸ்னியைப் பிடிச்சுப்போனது இந்த நம்பர்களுக்காக இல்லை. அவர் கையில இருந்த ஈட்டியை ரெண்டு தடவை மாத்தினாங்க. ரெண்டு தடவையும் மனுஷன் முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். அதுக்காக.

கொஞ்சம் மெக்கானிக்ஸ் பேசலாமா? (மெக்கானிக்கல் பையனை எழுதச் சொன்னா இதையெல்லாம் சகிச்சுக்கத்தான் வேணும்!) ஆண்கள் எறியுற ஈட்டியோட எடை 800 கிராம். அந்தக் கால ஈட்டி காத்துல மிதந்துட்டே போகும். 1984-ல் கிழக்கு ஜெர்மனியோட உவே ஹோன் எறிஞ்சது 104.80 மீட்டர். (இவரும் பின்னாடி நீரஜுக்கு கோச்சா இருந்தவர்தான்!) இப்படியே போனா மைதானம் பத்தாதுன்னு பயம் வந்துடுச்சு. போதாக்குறைக்கு, ஈட்டி படுத்தவாக்குல வந்து இறங்கும். முனை முதல்ல பட்டுச்சா, இல்லையான்னு எப்பவும் பஞ்சாயத்து.

அதனால 1986-ல் ஈட்டியோட புவியீர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால தள்ளினாங்க. ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஆனா, ஈட்டியோட குணமே மாறிப்போச்சு. மிதக்கறதை விட்டுட்டு, சீக்கிரமே மூக்கைக் கவுத்து, தரையில குத்தி நிக்க ஆரம்பிச்சது. தூரத்துல சுமார் பத்து சதவிகிதம் காலி. ஹோனோட 104.80-ஐ பழைய கணக்குன்னு மூட்டை கட்டி வெச்சுட்டாங்க.

அப்போ ஜெலெஸ்னிக்கு 19 வயசு. பழைய ஈட்டியில எறிஞ்சு பழகின கை. அடுத்த வருஷமே, 1987 மே 31-ம் தேதி, நிட்ரா ஊர்ல புது ஈட்டியை 87.66 மீட்டர் எறிஞ்சு உலக சாதனை பண்ணினார். வயசு இருபது. என் வயசு! இருபது வயசுல நான் அதிக தூரம் எறிஞ்சது கடைசி பெஞ்சுலேர்ந்து முதல் பெஞ்சுக்கு ரெக்கார்டு நோட்டு.

1988, சியோல் ஒலிம்பிக்ஸ். கடைசிச் சுற்றுல பின்லாந்தோட தபியோ கோர்யுஸ் 84.28 எறிஞ்சு தங்கத்தைத் தட்டிட்டுப் போயிட்டார். ஜெலெஸ்னி 84.12. வெள்ளி. நம்ம பாக்ஸ்ல வெச்சிருக்குற 15 சென்டிமீட்டர் சின்ன ஸ்கேலைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்!

அடுத்த திருப்பம் ஹங்கேரியிலேர்ந்து வந்தது. 1976 ஒலிம்பிக்ஸ் சாம்பியன் மிக்லோஷ் நேமெத், வால் பகுதியைச் சொரசொரப்பாக்கி ஒரு ஈட்டி செஞ்சார். கோல்ஃப் பந்துல குழி குழியா இருக்குமே, அந்த மாதிரி ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தந்திரம். ஈட்டி மறுபடியும் மிதந்தது. 1990 ஜூலையில ஆஸ்லோவுல ஜெலெஸ்னி அந்த ரக ஈட்டியில 89.66 எறிஞ்சு உலக சாதனை படைச்சார். ஆனா, 1991 ஆகஸ்ட்ல அந்த ஈட்டிக்கே தடை போட்டுட்டாங்க. அதோட விட்டாங்களா? அதுல எறிஞ்ச உலக சாதனைகளையும் அழிச்சுட்டாங்க. எறிஞ்சப்போ அது சட்டப்படி சரியான ஈட்டிதான். இருந்தும் 89.66 கணக்குல இல்லை.

இந்த இடத்துல எங்க டிபார்ட்மென்ட் அண்ணன் ஒருத்தரைப் பத்திச் சொல்லியாகணும். மஞ்சள் காமாலையால ஒரு செமஸ்டர் போய், எங்க பேட்ச்ல வந்து சேர்ந்தவர். அதுக்குள்ள ரெகுலேஷன் மாறிடுச்சு. அவர் விழுந்து விழுந்து படிச்சுப் பாஸ் பண்ணின ரெண்டு பேப்பர் புது சிலபஸ்ல இல்லை. புது சிலபஸ்ல இருக்குற ரெண்டு பேப்பர் அவர் படிச்சதில்லை. அதையும் எழுதினாத்தான் டிகிரி. "பாஸ் பண்ணினதுக்கு என்னடா மரியாதை?"ன்னு கேட்டார். வீட்ல கடன் வாங்கிப் படிக்க வெச்சிருக்காங்க. படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போயிடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தார்.

அவருக்குத்தான் ஜெலெஸ்னி கதையை முதல்ல சொன்னேன். சாதனையை அழிச்ச அதே மாசம் டோக்கியோவுல உலக சாம்பியன்ஷிப். ஜெலெஸ்னி ஃபைனலுக்கே வரலை. "ஆள் காலி"ன்னு எல்லாரும் சொல்லியிருந்தா ஆச்சர்யமில்லை. அடுத்த வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ். கையில சாதாரண ஈட்டி. முதல் எறியிலயே தங்கம். தூரம் எவ்வளவு தெரியுமா? 89.66! எந்த நம்பரை அழிச்சாங்களோ, அதே நம்பர். ஒரு சென்டிமீட்டர்கூட மாறலை.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "பழைய 89.66-ஐத் திருப்பிக் குடுத்தாங்களா?"ன்னார்.

"இல்லைண்ணே. அது போனது போனதுதான்."

"சரி... ரெண்டாவது இருக்குல்ல"ன்னு எழுந்து போயிட்டார். இந்த செமஸ்டர் அந்த ரெண்டு பேப்பருக்கும் ஃபீஸ் கட்டியிருக்கார். கடனும் அப்படியேதான் இருக்கு. கதை கேட்டா கடன் அடையுமா என்ன? ஆனா, நிறுத்தற பேச்சு மட்டும் இப்போதைக்கு இல்லை.

ஜெலெஸ்னிக்கு அதுக்கப்புறம் எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. 1996 அட்லாண்டாவுல 88.16 எறிஞ்சு ரெண்டாவது தங்கம். அந்தக் கையை நம்பி அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் டீம்கூட அவரைக் கூப்பிட்டு பந்து போடச் சொல்லிப் பார்த்துச்சு! ஆனா, 1998-ல் தோள்பட்டையில மோசமான காயம். ஈட்டிக்காரருக்குத் தோள் போனா பாட்டுக்காரருக்குத் தொண்டை போன மாதிரி. இந்த முறை மாறினது ஈட்டி இல்லை, கையே! அப்பவும் விடலை. 1999-ல் செவில் உலக சாம்பியன்ஷிப்ல வெண்கலம். 2000 சிட்னியில இங்கிலாந்தோட ஸ்டீவ் பேக்லி 89.85 எறிஞ்சு மிரட்ட, இவர் அடுத்த சுற்றுலயே 90.17. மூணாவது தங்கம்! 2001-ல் எட்மன்டன்ல 92.80 எறிஞ்சு உலக சாம்பியன்.

செக் மொழியில 'ஜெலெஸ்னி'ன்னா 'இரும்பாலான'ன்னு அர்த்தம். பேர் வெச்சவங்க வாயில சர்க்கரையைத்தான் போடணும்.

2006-ல் கோதன்பர்க் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். வயசு 40. கூட நின்னவங்கள்ல பலர் அவரைப் பார்த்து வளர்ந்த பசங்க. அவங்க நடுவுல 85.92 எறிஞ்சு வெண்கலம் வாங்கிட்டு, அடுத்த மாசமே சொந்த ஊர் மிளாடா போலெஸ்லாவ்ல கடைசியா எறிஞ்சு ஓய்வு பெற்றார். அன்னிக்கும் அவர் கையில இருந்தது, 19 வயசுல 'இனிமே இதுதான்'னு திணிச்ச அந்தக் கனமூக்கு ஈட்டிதான். இருபது வருஷம் குடும்பம் நடத்தியாச்சு. அதுல புதுசு என்ன, பழசு என்ன பாஸ்!