இரண்டு இறக்கையா, மூன்று இறக்கையா

ஐம்பதை நெருங்கும் வயதில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: எதற்கு? எதில் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 2022-ஆம் ஆண்டின் கோடை முழுவதையும் தின்று தீர்த்தது அந்தக் கேட்கப்படாத கேள்விதான். (‘உலங்கு வானூர்தி’ என்று எழுத எங்களுக்கும் ஆசை உண்டு. ஆனால் சண்டை போட்டுக்கொண்டபோது ஹெலிகாப்டர் என்றே சொன்னோம், அப்படியே இருக்கட்டும்.)

தெற்குக் கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே வரக்கூடாது என்பார்கள். ராபின்சன் ஆர்22 உருவாகும் டாரன்ஸ் நகரம் இங்கேதான் இருக்கிறது. ஃபிராங்க் ராபின்சன் 1973-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1975-இல் முதல் மாதிரி பறந்தது. 1979-இல் அரசுச் சான்றிதழ் கிடைத்தது. சாதாரண மனிதர் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய, இருவர் மட்டும் அமரும் வாகனமாகவே அவர் அதை எண்ணினார், பயிற்சிக்கென்று அல்ல. ஆனால் விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு என்பதால் பள்ளிகள் அதைப் பற்றிக்கொண்டன. ஓட்டத் தெரிந்தவருக்காகச் செய்யப்பட்ட ஒன்று இப்படித்தான் ஓட்டத் தெரியாதவரின் கைக்கு வந்து சேர்ந்தது.

எங்களில் ஒருவருக்கு எடை அதிகம், 97 கிலோ. மற்றவருக்கு அச்சம் அதிகம். முதலில் குறுக்கே நின்றது எடைதான். ஆர்22 தூக்கக்கூடிய மொத்த எடை 622 கிலோ. எந்திரமே ஏறத்தாழ 400 கிலோ. பிரதான தொட்டி நிறைய எரிபொருள் ஊற்றினால் இன்னுமொரு 50 கிலோ போய்விடும். மீதமுள்ள 170 கிலோ சொச்சத்துக்குள் மாணவரும் பயிற்றுனரும் அடங்க வேண்டும். நாங்கள் முதலில் விசாரித்த பள்ளியில், அதெல்லாம் பெரிய விஷயமில்லை என்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கூட்டிப் பார்த்தோம். 80 கிலோ பயிற்றுனர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்தால் எரிபொருளைக் குறைத்துத்தான் பறக்க முடியும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்தப் பள்ளிப் பக்கம் போகவில்லை.

அச்சத்துக்கான காரணங்கள் இன்னும் நுட்பமானவை. எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லாய் விழும் என்பது பொதுவான தவறான எண்ணம். இறங்கும்போது கீழிருந்து எழும் காற்றே இறக்கைகளைச் சுழற்றும். அந்தச் சுழற்சியைச் சேமித்து வைத்து, தரைக்கு அருகில் செலவழித்து மெல்ல இறங்கலாம். ஆனால் அதற்கு இடக்கை நெம்புகோலை உடனே தாழ்த்த வேண்டும். ஆர்22-வின் இரண்டு இறக்கைகளும் மிக இலேசானவை. வேகத்தைத் தேக்கி வைக்கும் கனம் அவற்றில் இல்லை. திகைத்து நிற்பதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நொடி.

இன்னொன்று, இயல்புணர்ச்சியே கொல்வது. சட்டென்று மூக்கை முன்னே தள்ளினால், ராட்டினத்தில் வயிறு மேலெழுவதுபோல் எந்திரம் ஒரு கணம் எடையிழக்கும். வால் சுழலியின் உந்துதலால் உடல் வலப்பக்கம் சரியும். யாராக இருந்தாலும் கை இடப்பக்கம்தான் போகும். அப்படிப் போனால் சுழலியின் மையம் அதைத் தாங்கும் தண்டிலேயே மோதித் தண்டை முறித்துவிடக்கூடும். முதலில் மெதுவாகப் பின்னால் இழுத்து இறக்கைகளுக்கு மீண்டும் சுமையைத் தர வேண்டும். அதன் பிறகே சரிவைத் திருத்த வேண்டும். இத்தகைய விபத்துகளால்தான் அமெரிக்க அரசு 1995-இல் இந்த எந்திரத்துக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. பயிற்றுனருடன் 20 மணி நேரம் ஆர்22-வில் பறக்காத மாணவர் அதில் தனியே பறக்கக்கூடாது என்பது அதில் ஓர் அம்சம்.

“ஆர்22 ஓட்டியவன் எதையும் ஓட்டுவான்” என்று விமான நிலையங்களில் பெருமையாகச் சொல்வார்கள். விலையைத் தத்துவமாக மாற்றும் பேச்சு இது என்றே எங்களுக்குப் பட்டது.

மாற்றாக இருந்தது ஷ்வைசர் 300. ஹியூஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. முதலில் பறந்தது 1956-இல். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படை தன் விமானிகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தந்தது இதில்தான். மூன்று இறக்கைகள், தாராளமான எடை வரம்பு, தவறு செய்தாலும் சற்றே பொறுத்துக்கொள்ளும் சுபாவம். அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. தரையைத் தொடும்போது அதிர்ந்தால், தேய்ந்த அதிர்வடக்கிகள் கைவிட்டால், இறக்கைகள் சமநிலை குலைந்து சில நொடிகளில் எந்திரம் தன்னையே உதறிச் சிதைத்துக்கொள்ளும். ஆர்22-வுக்கு இந்த நோய் கிடையாது. (பிரான்சின் கேப்ரி ஜி2-வையும் பார்த்தோம். அழகு. விலையைக் கேட்டு வந்துவிட்டோம்.)

ஆகவே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கார் ஓட்டி, மணிக்குக் கூடுதல் பணம் தந்து, ஷ்வைசரில் இருவரும் சேர்ந்தோம். நவம்பரில் ஃபிராங்க் ராபின்சன் காலமான செய்தியைப் படித்தபோது ஏனோ இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய எந்திரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

அடுத்த வசந்தத்தில் ஷ்வைசருக்கு ஓர் உதிரி பாகம் தேவைப்பட்டது. நிறுவனம் கைமாறிக் கைமாறி உற்பத்தி நின்று, 2018-இல்தான் டெக்ஸாஸில் புதியவர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். பாகங்கள் எளிதில் கிடைப்பதில்லை. வாரங்கள் மாதங்களாயின. சட்டப்படி தேவையான 40 மணி நேரத்தில் பாதியைக்கூட நாங்கள் கடக்கவில்லை. இந்த இடைவெளியில் கை மறந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களில் அச்சம் அதிகமுள்ளவர், எடை 58 கிலோ மட்டுமே உள்ளவர், வேறொரு பள்ளியில் ஆர்22-வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். காரணம் கேட்டோமா என்றால், கேட்கவில்லை. எடை அதிகமுள்ளவர் ஷ்வைசருக்காகக் காத்திருக்கிறார். அவருக்கு வேறு வழியுமில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பால் கணக்குக்குப் பக்கத்தில், ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது: “முதலில் பின்னால். பிறகுதான் இடப்பக்கம்.” தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் இருவருமே அதை வாய்விட்டுப் படிக்கிறோம்.