பாயிண்ட் வைக்கிற கை

கொல்லிமலைக்குக் காரவள்ளிப் பக்கமாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வரும் பையன்களுக்கு அந்த எண்கள் செல்ஃபிக்கு உதவும். பழைய பைக் வைத்திருப்பவர்களின் பேச்சில் அதே எண்கள் வேறு விதமாக வரும். “போன தடவை இருபத்தெட்டுல என்ஜின் ஜாம் ஆச்சு”, “நாப்பத்தொண்ணுல கிளச் கேபிள் புட்டுக்கிச்சு” என்பார்கள். மலையில் எந்த இடம் என்று கேட்டால் ஊர்ப் பெயர் வராது, வளைவுதான் வரும்.

பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு இவர்கள் ஏறுகிற நாள். சங்கம் கிடையாது, பேனர் கிடையாது. வாட்ஸப்பில் யாராவது ஒருவர் “காரவள்ளி, காலை ஆறு” என்று போட்டால் போதும். சேலம், நாமக்கல், ஈரோடு, திருச்சியிலிருந்து வந்துவிடுவார்கள். மைசூரிலிருந்து ஓட்டிக்கொண்டே வருகிற ஒன்றிரண்டு பேரும் உண்டு. ஜாவா, எஸ்டி, வலது காலில் கியர் போடும் புல்லட், பால் கேன் கட்டி ஓடிய ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100, எப்போதாவது ஒரு லாம்பிரெட்டா.

சட்டப்படி பார்த்தால் இவற்றில் பாதிக்கு மேல் ‘விண்டேஜ்’ கிடையாது. மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் தருவார்கள். 10 ஆண்டு செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் என்று காரணம் இருந்தால்தான் ரோட்டில் எடுக்கலாம். அறுபதுகளின் ஜாவா ஒன்றை வைத்திருக்கும் விவசாயி ஒருவரிடம் அந்த எண் வாங்கவில்லையா என்று கேட்டேன். “சந்தைக்குப் போயிட்டு வர முடியாத வண்டி எனக்கு எதுக்குங்க?” என்றார். ஆர்எக்ஸ் 100 வந்ததே 1985இல். சட்டத்துக்கு அது இன்னும் வாலிபம். மலைக்கு வருகிறவர்கள் இந்த வயதுக் கணக்கைப் பார்ப்பதில்லை. கம்பெனி கைவிட்ட பிறகும் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

அப்படி ஓட வைப்பது யார் என்று பார்க்கத்தான் நான் போனேன். வண்டிகளுக்குப் பின்னால் ஒரு மாருதி ஆம்னி வரும். பின்சீட்டை எடுத்துவிட்ட அந்த வேனில் பனியன் வேஸ்ட் மூட்டை, ரிங் ஸ்பேனர் செட், கிளச் கேபிள் சுருள்கள், தகரப் பெட்டியில் பழைய பாயிண்ட் செட்டுகள், இரண்டு லிட்டர் டூடி ஆயில். கூடவே மூன்று பேர். டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு சேலத்து பாய். புல்லட்டுக்கு ஈரோட்டுக்காரர், எல்லாரும் அவரை வாத்தியார் என்கிறார்கள். மூன்றாமவர் நாமக்கல்லில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். எடுபிடிக்கு ஐ.டி.ஐ. முடித்த ஒரு பையன்.

காரவள்ளியில் டீக்கடை அடுப்பு பற்றும்போதே பாய் வேலையைத் தொடங்கிவிட்டார். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு டூ ஸ்ட்ரோக்கையும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்கிறார். அப்போது வண்டியைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார். ஒரு ஜாவாவை மட்டும் “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றார். எனக்கு அதன் சத்தமும் மற்றதைப் போலத்தான் இருந்தது.

டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், விலகியிருந்தது. பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாகச் சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை உள்ளே விட்டார். அரத்தால் இரண்டு கோடு போட்ட கம்பி. பிஸ்டன் உச்சிக்கு வந்தால் கீழ்க் கோடு, அங்கிருந்து மூன்று மில்லிமீட்டர் சொச்சம் இறங்கினால் மேல் கோடு. பிறகு, சிகரெட் பாக்கெட்டுக்கு மேலே சுற்றி வரும் கண்ணாடித் தாளில் ஒரு துண்டு கிழித்து, பாயிண்ட்டின் இரண்டு முகத்துக்கும் நடுவில் சொருகினார். இடது கையால் என்ஜினை மெல்லச் சுற்றுகிறார். வலது கையின் இரண்டு விரல் தாளை இழுத்தும் இழுக்காமலும் பிடித்திருக்கிறது. பாயிண்ட் திறந்து தாள் நழுவுகிற கணமும் கம்பியில் மேல் கோடு தெரிகிற கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் தாள் முந்திக்கொண்டது. தட்டின் திருகைத் தளர்த்தி, திருப்புளியின் முனையால் ஒரு தட்டு. மறுபடி சுற்றினார். இப்போது சரி. திருகை இறுக்கும்போது தட்டு நகர்ந்துவிடும் என்பதால் இறுக்கிய பிறகும் ஒரு தடவை பார்த்தார். இதற்கென்று டயல் கேஜ் கருவி உண்டு. பாயிடமும் இருக்கிறது, பட்டறையில். மலையில் போக்ஸ் கம்பி போதுமாம்.

ஜாவாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். செக் நாட்டு வண்டி. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961இல் உற்பத்தி தொடங்கியது. பின்னால் எஸ்டி என்று பெயர் மாறியது. 1996இல் தொழிற்சாலை மூடியது. பழைய 250இல் ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். உதைக்கிற கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே: ஸ்டார்ட் ஆனதும் அதை மடக்கி முன்னால் தள்ளினால் கியர். அந்த லீவரை அழுத்தினாலே கிளச்சும் விலகிக்கொள்ளும். இத்தனையையும் ஒரு தண்டில் கோத்திருப்பதால் அங்கே ஒரு புஷ் தேய்ந்தால் போதும், கிக்கர் வழுக்கும், கியர் விழாது, கிளச் பாதியில் நிற்கும். மூன்று புகாரோடு வருவார்கள், நோய் ஒன்றுதான் என்பார் லேத்துக்காரர்.

அந்தப் புஷ்ஷைச் செய்து தருகிறவர் அவர். நாமக்கல் லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். பக்கத்துத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள். லாரிக்கும் ரிக்குக்கும் ஓடுகிற லேத்துகளில் இரவு ஏழு மணிக்கு மேல் ஜாவா உருப்படிகள் ஏறும். புஷ் என்றால் கன்மெட்டல், தண்டு என்றால் இ.என். 24 கம்பி. மாதிரிக்குத் தேய்ந்துபோன பழசுதான் கிடைக்கும், அதை அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். “தேயாத இடம்னு எதுலயும் ஒரு இடம் இருக்குமுங்க. அதைக் கண்டுபிடிச்சு அங்க அளக்கோணும்” என்றார். அடுத்த பாகத்தோடு உரசாமல் ஒதுங்கியிருந்த ஓரம், சர்க்கிளிப்புக்கு அடியில் மறைந்திருந்த கால் அங்குலம். அங்கே மைக்ரோமீட்டரை வைத்து, 1965இல் மைசூரில் என்ன அளவு வைத்தார்கள் என்று எடுத்துவிடுகிறார்.

இவருக்கும் வண்டிக்காரர்களுக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. நட்டின் தலையில் கம்பெனி முத்திரை இருக்க வேண்டும், சைலன்சரில் அந்தக் காலத்துக் குரோம் இருக்க வேண்டும் என்று சிலர் ஒற்றைக்காலில் நிற்பார்கள். உள்ளே லேத்தில் கடைந்த தண்டு இருந்தாலும் வெளியே ‘ஒரிஜினல்’ வேண்டும். “முத்திரை வேணும்னா அடிச்சுத் தர ஆள் இருக்கான், நான் அடிக்க மாட்டேன்” என்கிறார் லேத்துக்காரர். என் ஓட்டு அவருக்குத்தான். வண்டி பழசாக இருப்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பிற்பாடு வந்த கையையும் அது காட்டினால் என்ன குறை?

இருபதாவது வளைவு தாண்டி ஒரு எஸ்டி ரோட்கிங் நின்றுவிட்டது. வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர், வியர்த்துக் கொட்ட கிக்கரை மிதித்துக்கொண்டிருந்தார். பாய் வேனிலிருந்து இறங்கும்போதே, “தம்பி, காலை எடுங்க. ஆறட்டும்” என்று கத்தினார். ஜாம் ஆன என்ஜினைச் சூட்டோடு மிதித்தால் சிலிண்டரில் கீறல் ஆழமாகும். எல்லாரும் பாறையில் உட்கார்ந்து மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபின் மேல் கை வைக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, பிளக் ஓட்டையில் கொஞ்சம் டூடி ஆயில் விட்டு, கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். சட்டென்று விட்டுக்கொடுத்தது.

கழற்றிய பிளக்கை பாய் என்னிடம் நீட்டினார். நல்ல பிளக் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். கலவையில் பெட்ரோல் மிஞ்சினால் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். இது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காரணம் அவருக்கு முன்பே தெரியும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் ஜெட் அளவில் கலவை இளைத்துப்போகிறது, என்ஜின் சூடேறுகிறது. ரப்பர் குழாயை ஊற வைக்கிறது, தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, மாதக்கணக்கில் நிறுத்தினால் கார்புரேட்டருக்குள் துரு. போதாக்குறைக்கு இளைஞர் புகை வருகிறதென்று டூடி ஆயிலைக் குறைத்திருந்தார். “லிட்டருக்கு நாப்பது மில்லி போடுங்க. புகை வந்தா பின்னாடி வர்றவன் திட்டுவான், வாங்கிக்குங்க” என்றார் பாய். மூக்குப்பொடி டப்பாவிலிருந்து ஒரு எண் பெரிய ஜெட்டைப் பொறுக்கிப் போட்டார்.

மேலே காற்று மெலிந்தது, அங்கே போனால் பெரிய ஜெட் பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துவிடாதா என்று கேட்டேன். கொடுக்கும், பிளக் கறுக்கும், ஆனால் ஜாம் ஆகாது என்றார். கறுத்த பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

மேலே சோளக்காடு ஊரில் எல்லாரும் சேர்ந்தபோது பனி விலகியிருந்தது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைத்தது. (ஆட்டுக்கால் சூப்பை மிஞ்சும் என்கிறார்கள். மிளகு மிஞ்சியது என்பது வரை நான் ஒத்துக்கொள்கிறேன்.) வண்டிகளைச் சுற்றிப் பேச்சு வழக்கம்போலத்தான்: எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எவ்வளவுக்குக் கேட்டார்கள். ராஜ்தூத் 350 ஒன்றைச் சுற்றிப் பெரிய கூட்டம். யமஹா ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே செய்து விற்றபோது பெட்ரோல் குடிக்கிறது என்று ஒதுக்கிய வண்டி அது. இப்போது லட்சங்களில் பேசுகிறார்கள். அதே ஆட்கள் டியூனிங் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவதையும் அங்கேயே பார்த்தேன்.

வாத்தியாருக்கு அன்று வேலை குறைவு. வார்ப்பிரும்பு புல்லட் மலைக்கு அஞ்சாது. 346 சி.சி., போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் கீழ் வேகத்திலேயே இழுவை உண்டு. திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய கம்பெனி, இங்கிலாந்தில் ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் அதே என்ஜினை விடாமல் செய்துகொண்டிருந்தது. அதனால் புல்லட்டுக்குச் சாமான் பஞ்சம் இல்லை. டாப்பெட் மட்டும் பார்த்தார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் வேண்டாம். அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னார். சுற்றுகிறது என்றான். “ஆடுதா?” இல்லை என்றான். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு நட்டில் இம்மியளவு திருப்பினார். “இப்ப?” பையனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முகத்தை வைத்தே எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. திட்டவில்லை. மறுபடி தளர்த்திவிட்டு அவனையே இறுக்கச் சொன்னார்.

பையன் வாரநாட்களில் ஒரு ஷோரூமில் வேலை பார்க்கிறான். அங்கே வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறு திரையில் வந்துவிடுகிறது. பாகத்தை மாற்றினால் வேலை முடிந்தது. பாயிண்ட்டைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டால் இந்தத் தாளும் கம்பியும் வேண்டாமே என்று அவன் பாயிடம் கேட்டிருக்கிறான். பாய் மறுக்கவில்லை, நிறையப் பேருக்கு அவரே மாட்டித் தருகிறார். “கிட் நல்லாத்தான் ஓடும். ஓடாதப்ப நம்ம கையில ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்.” ஞாயிறு எதற்கு இங்கே வருகிறாய் என்று பையனைக் கேட்டதற்கு, ஷோரூமில் என்ஜினைத் திறக்கவே விடுவதில்லை என்றான்.

மதியத்துக்கு மேல் இறக்கம். மலை ஏற்றத்தைவிட அதுதான் டூ ஸ்ட்ரோக்குக்குக் கண்டம். பெட்ரோலோடு கலந்துதான் ஆயில் உள்ளே போகிறது. இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. பாய் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே பாட்டைப் பாடினார்: வளைவுக்கு வளைவு கிளச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், டிரம் சூடானால் நிறுத்துங்கள். ரோட்கிங் இளைஞரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

லேத்துக்காரர் அதற்குள் தன் வசூலை முடித்திருந்தார். மஞ்சப்பையில் தேய்ந்த புஷ், பல் போன கிக்கர் தண்டு, நூல் போன ஆக்சில் நட்டு. ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய சீட்டைக் கம்பியால் கட்டியிருந்தார். மைசூர்க்காரர் ஒருவர் கடைசியாக ஓடி வந்து கிளச் லீவர் ஒன்றைக் கொடுத்தார். லேத்துக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தால் ஓர் ஓரத்தை நிமிண்டிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார்.

“எவ்வளவு ஆகும்?”

“பண்ணிப் பாத்துட்டுச் சொல்றனுங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல போன் போடுங்க, பகல்ல வேண்டாம். லாரி வேலை கெடக்கு.”