இருவர்க்கும் ஒரு சொல்

மணிலாவில் நான் தங்கிப் பயின்ற நாள்களில், விடியலை உணர்த்தியது கடிகாரமன்று, 'தஹோ...!' என நீண்டொலிக்கும் ஒரு முதியவரின் குரலே. அவர் தோளில் காவுதடி. அதன் இருமுனைகளிலும் அலுமினிய வாளிகள். ஒன்றில் சோயாப்பாலை உறையவைத்துச் செய்த, ஆவி பறக்கும் இளங்கட்டி. மற்றொன்றில் பழுப்புச் சர்க்கரைப் பாகும் சவ்வரிசியும். இரவிலோ, 'பலுத்' என்னும் அவித்த வாத்து முட்டை விற்பவரின் குரலோடு அத்தெரு உறங்கும்.

ஒருநாள் என்னிடம் காசில்லை, திரும்ப முற்பட்டேன். "நீ என் சூகி அல்லவா? நாளை கொடு" என்று கோப்பையை நீட்டினார். நெடுநாள் பழகிய வாடிக்கையாளரையும் வணிகரையும் ஒருங்கே குறிக்கும் தகாலோகு மொழிச்சொல் 'சூகி'. விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் அங்கே பெயர் ஒன்றே.

மறுநாள் காசுடன் காத்திருந்தேன், குரல் கேட்கவில்லை. மூன்று நாள்கள் கழிந்தன. அவருடைய பெயரையோ வீட்டையோ நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 'சாரி-சாரி' எனப்படும் தெருமுனைச் சிறுகடையின் பெண்மணி அறிந்திருந்தார்: "அவருக்குக் காய்ச்சல். நேற்றுக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன்."

நான்காம் நாள் அக்குரல் சற்றே மெலிந்து ஒலித்தது. ஓடிச்சென்று கடனைத் தீர்த்தேன். பின்னர், முதன்முறையாக அவர் பெயரைக் கேட்டேன்.