சத்தத்துக்கு வாடகை

ஞாயிற்றுக்கிழமை மியூனிக்கில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது. கண்ணாடி உடையும் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு. வார நாளிலும் இரவு பத்து மணிக்கு மேல் மூச்சு விடக்கூடாது. ஞாயிறை ஓய்வு நாளாகக் காக்கச் சொல்லி 1919இல் வைமார் அரசமைப்பில் எழுதிய வாசகம், இன்றைய ஜெர்மன் அரசமைப்பிலும் நீடிக்கிறது. நல்ல சட்டம்தான். நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வருவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், சத்தம் போடுவதற்கென்றே ஓர் உடற்பயிற்சி வகுப்பு இருக்கிறது. பெயர் பவுண்ட். லாஸ் ஏஞ்சலீஸில் டிரம்ஸ் வாசிக்கும் இரண்டு பெண்கள், கிர்ஸ்டன் பொட்டென்சாவும் கிறிஸ்டினா பீரன்பூமும், 2011இல் தொடங்கி வைத்தது. ஆளுக்கு இரண்டு பச்சைக் குச்சிகள், ஒவ்வொன்றும் கால் பவுண்ட் எடை. டிரம் கிடையாது. பாட்டு அலற அலற, அரைமண்டியில் இறங்கி இடப்பக்கம் தரைக்கு அருகே இரண்டு அடி, வலப்பக்கம் இரண்டு அடி. எழுந்து தலைக்கு மேலே குச்சியோடு குச்சி. தொடை எரியும். பக்கத்தில் இருக்கும் அம்மையார், வாரமெல்லாம் அடக்கி வைத்ததைத் தீர்த்துக்கொள்வதுபோல் முகம் சிவக்க அடிப்பார். கதவு இழுத்துச் சாத்தியிருக்கும். வெளியே ஒன்றும் கேட்காது.

குச்சிகள் மோதினால் கோலாட்டம் ஞாபகம் வரும் என்று நினைத்துத்தான் போனேன். வந்தது ரயில்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சில தெருக்கள்தான். சென்னை பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில், 2004 வரை மீட்டர் கேஜில்தான் ஓடியது. ராத்திரி விளக்கணைத்த பிறகு, பாயில் படுத்தபடியே அப்பா சொல்வார்: "கூட்ஸ்." கொஞ்ச நேரம் கழித்து, "இது பீச் வண்டி. கடைசி." யாரும் அவரைக் கேட்டதில்லை. அவராகச் சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் தூங்கிப்போவோம். அகலப்பாதை வந்ததும் சக்கரத்தின் தாளம் மாறியது, அப்பா அதையும் பழகிக்கொண்டார். வண்டிகள் இப்போதும் போகின்றன. எது எந்த வண்டி என்று சொல்ல ஆளில்லை.

ஒவ்வொன்றாகத்தான் தெரிகிறது, என்னென்ன போயிற்று என்று. ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கினால் ஷேர் ஆட்டோக்காரர் மூச்சு விடாமல் கூவும் "கேம்ப்ரோடு செம்பாக்கம் மேடவாக்கம் வேளச்சேரி." ஐப்பசி மழைக்கு மறுநாள் சேலையூர் ஏரிப் பக்கத்துத் தவளைகள். 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரியின் மரக்கூட்டத்திலிருந்து, பரீட்சைக்குப் படிக்கும் விடிகாலையில் விடாமல் கூவும் குயில். ஆடி மாதம் அதையும் அமுக்கிவிடும் அம்மன் கோயில் ஸ்பீக்கர். நீங்கள் பல்லாவரத்துக்காரர் என்றால் வெள்ளிக்கிழமைச் சந்தையின் இரைச்சலைச் சொல்வீர்கள். வண்டலூர்க்காரர் என்றால் ஒருவேளை மிருகக்காட்சிச் சாலைச் சிங்கத்தின் உறுமலை. எந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களோ, உங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும்.

அப்புறம், விமானம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கே சொல்லிக்கொடுக்கும் பள்ளி 1954 முதல் இருக்கிறது. பயிற்சி விமானம் தலைக்கு மேல் வட்டமடிக்கும்போது அம்மா பேச்சைப் பாதியில் நிறுத்துவாள். கரண்டி கையில் அப்படியே நிற்கும். சத்தம் தேய்ந்ததும், விட்ட சொல்லிலிருந்து எடுப்பாள். கோபமாக இருந்தாலும் அதே கோபத்தோடு.

இன்றும் போனில் அப்படித்தான் நிறுத்துகிறாள். ஆனால் புதுப் போன், பின்னணிச் சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடுகிறது. விமானம் வருவதில்லை, தெருவில் போகும் கோலமாவுக்காரர் குரல் வருவதில்லை, குக்கர் விசில்கூட வருவதில்லை. அம்மாவின் குரல் மட்டும், துடைத்து வைத்த மாதிரி. நடுவில் திடீரென்று ஒரு மௌனம். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்து விமானம் இப்போது சேலையூரைத் தாண்டியிருக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

வகுப்பில் நான் போடும் சத்தம் என்னுடையது. காசு கட்டி, நேரம் பார்த்துப் போடுவது. உடம்புக்கு நல்லது, முதுகுவலிகூடக் குறைந்திருக்கிறது. தாம்பரத்தில் எதுவும் எனக்காகச் சத்தம் போட்டதில்லை. ரயில் அதன் பாட்டுக்குப் போனது, ஆட்டோக்காரர் அவர் பிழைப்புக்குக் கூவினார். என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்த அத்தனைக்கும் நடுவே நானும் ஒருவனாகக் கிடந்தேன். அதற்கு எந்த ஊரிலும் வகுப்பு இல்லை.

போன வாரம் அம்மா அலுத்துக்கொண்டாள். "மேம்பாலத்து வண்டி, விமானம், ஸ்பீக்கர்... இந்தச் சத்தத்துல மனுஷன் இருக்க முடியலடா. நீ குடுத்துவச்சவன். அங்க எவ்ளோ அமைதியா இருக்கு."

ஆமாம்மா என்றேன்.