சொன்னதும் சொல்லாததும்

நம் வீடுகளிலே பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் பெயரும் உடனெழுகின்றது. ஐந்தெழுத்து என்றதும் நம் முன்னோர்க்கு நினைவில் வந்தது வேறு. இக்காலத்து இளைஞர் பலர்க்கு வருவது இந்த ஆங்கில ஐந்தெழுத்தே. 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் இவ்வாங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையிற் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவுகள் உள. எழுதுதலுக்கும் பேசுதலுக்கும் அஞ்சுவோர் பலர். வாசித்தலுக்கு அஞ்சுவோர் சிலரே. கண்முன்னே அச்சிட்டுக் கிடப்பதை வாசிக்க யாருக்குத்தான் தெரியாது என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணமே நன்றாகக் கற்ற பிள்ளைகளையும் இடறி விழச் செய்கின்றது.

கல்லூரியில் ஆங்கிலங் கற்பித்து வரும் நம்மிடம் இப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் வருவதுண்டு. அவர்களுள் ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவிலே திறமைச் சித்தி பெற்றவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்கு இடந்தர இசைந்திருந்தது. வாசித்தலில் ஏழாந் தரம் பெற வேண்டும் என்பதே எஞ்சிய நிபந்தனை. முதன்முறை ஆறுதான் கிடைத்தது. அந்த முறைக் கட்டணத்துக்கே தாயாரின் காப்பு அடைவுக்குப் போயிருந்தது. அடுத்த முறைக்கு எதனை அடைவு வைப்பது என்ற கவலை வீட்டிலே குடிகொண்டது. “சேர், எனக்கு விளங்காத சொற்கள் அதில் மிகக் குறைவு. பிறகும் எப்படிப் பிழைத்தது?” என்று அவள் கேட்டாள். அவ்வினாவுக்குரிய விடையே இக்கட்டுரை.

உயர்கல்விக்குச் செல்வோர் எழுதும் வாசித்தல் வினாத்தாளில் மூன்று நீண்ட உரைப்பகுதிகள் இருக்கும். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 2,150 முதல் 2,750 சொற்கள். வினாக்கள் 40, நேரம் 60 நிமிடம். விடைகளைப் பின்னர் பெயர்த்தெழுதுவதற்கெனத் தனிநேரம் இல்லை. நம் பிள்ளைகளோ, ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் மேலும் பென்சிலாலே தமிழ்க் கருத்தை எழுதி, வரி வரியாக மொழிபெயர்த்து வாசிக்கப் பழகியவர்கள். அது மொழியைக் கற்பதற்கு ஏற்ற வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் மணிக்கூட்டைப் பார்த்து விடை தேடுதற்கு அது வழியன்று. முதற் பகுதியில் முப்பது நிமிடத்தைச் செலவிட்டு, மூன்றாம் பகுதியை வாசிக்காமலே எழுந்து வந்தவர்களை நாம் அறிவோம்.

நன்னூலார் மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்து அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கருக்கு உவமை கூறி, ஆட்டைக் கடைமாணாக்கர் வரிசையிலே தள்ளிவிட்டார். ஒரு செடியில் நின்று வயிறார மேயாது செடிக்குச் செடி தாவிக் கடிப்பது ஆட்டின் குணம். எனினும் இப்பரீட்சையில் முதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஆடாக இருத்தலே நன்று. தலைப்பை நோக்குக; ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தையும் கடைசிப் பந்தியையும் வாசிக்குக. எந்தப் பந்தி எதனைப் பற்றியது என்பதை ஓரிரு சொற்களில் மனத்திற் குறித்துக்கொள்க. பின்னர் வினாவை வாசித்து அன்னமாக மாறுக. நீரை ஒதுக்கிப் பாலைக் கொள்வதுபோல, வினாவுக்குரிய இடத்தை மட்டுந் தேடி அங்கே நிதானமாக வாசிக்க வேண்டும். ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் ஆண்டும் வழிகாட்டும் கைகாட்டிகள். ஏனைய சொற்கள் பெரும்பாலும் வேறுருவில் வரும். ‘பற்றாக்குறை’ என்று வினா கேட்டால், ‘போதியளவு கிடைக்கவில்லை’ என்று உரைப்பகுதி கூறும். பசுவுக்குரிய வேலை வீட்டிலேதான். பயிற்சித்தாளைச் செய்து முடித்தபின், அதே பகுதியை அகராதியோடு இருந்து ஆறுதலாக அசைபோட வேண்டும். சொல்வளம் அங்கேதான் பெருகும்.

இனி, அம்மாணவியை வீழ்த்திய வினாவகைக்கு வருவோம். ஒரு கூற்றைத் தந்து அது சரியா, பிழையா, அன்றி உரைப்பகுதியிற் சொல்லப்படவில்லையா என்று கேட்பது அவ்வகை. மூன்றாவது விடையே பொல்லாதது. நாம் வகுப்பிலே கூறும் உதாரணம் ஒன்றை இங்குத் தருகின்றோம்.

உரைப்பகுதி இவ்வாறு இருப்பதாகக் கொள்க: “ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கர் நிலத்திற் தேயிலை பயிரிட்டார். ஈராண்டுகளின் பின் இலங்கையின் கோப்பிச் செடிகளிலே பங்கசு நோயொன்று காணப்பட்டது. அடுத்து வந்த காலத்திற் பல தோட்டங்கள் கோப்பியைக் கைவிட்டன.”

முதலாவது கூற்று: டெயிலர் தேயிலை பயிரிட்ட நிலம் 20 ஏக்கருக்குக் குறைந்தது. இது சரி. இரண்டாவது: கோப்பியில் நோய் தோன்றிய பின்னரே டெயிலர் தேயிலை பயிரிட்டார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது என்று கேட்டுப் பழகிய நம் பிள்ளைகள் இதனைச் சரி என்று எழுதிவிடுவர். ஆண்டை எண்ணிப் பார்த்தால் இது பிழை. மூன்றாவது: டெயிலர் ஸ்கொத்லாந்து நாட்டவர். உலகறிந்த உண்மை இது. ஆயினும் உரைப்பகுதி அதனைச் சொல்லவில்லை. ஆகவே ‘சொல்லப்படவில்லை’ என்பதே விடை. வகுப்பில் எப்போதும் எதிர்ப்பு எழுவது இங்கேதான். “உண்மையைப் பிழையென்று எழுதுவதா?” என்பர். பிழையென்று எழுதச் சொல்லவில்லை. சொல்லப்படவில்லை என்றே எழுதச் சொல்கின்றோம். உரைப்பகுதி மறுப்பது பிழை; பேசாது விடுவது சொல்லப்படாதது.

அம்மாணவியைப் பயிற்சித்தாள் ஒன்றைச் செய்வித்துப் பார்த்தபோது நோய் வெளிப்பட்டது. தாவரங்களைப் பற்றிய உரைப்பகுதிக்கு அவள் தன் பாடநூல் அறிவைக் கொண்டே விடை எழுதியிருந்தாள். கற்ற கல்வியே அவ்விடத்தில் அவளுக்குப் பகையாயிற்று. அன்று முதல், ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியின் கீழே கோடிட்டுக் காட்டும்படி பணித்தோம். கோடிட வரியில்லையேல் விடையுமில்லை என்பது கட்டளை. ஆறு வாரம் அலுப்பின்றிச் செய்தாள். அடுத்த முறை ஏழு கிடைத்தது. சில மாதங்களில் தாயாரின் காப்பும் மீண்டது.

மேலுஞ் சில குறிப்புகள் உள. ‘இரண்டு சொற்களுக்கு மேற்படாது விடை தருக’ என்றால் மூன்றாவது சொல் விடையைக் கெடுக்கும். எழுத்துப்பிழைக்கும் புள்ளி போகும். பிழையான விடைக்காகப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. ஆதலால் எவ்வினாவையும் வெறுமையாக விடலாகாது. 40இல் ஏறத்தாழ 30 சரியானால் ஏழாந் தரம், 23 சரியானால் ஆறாந் தரம் என்பது பொதுவான கணக்கு. ஒரு கடின வினாவோடு ஐந்து நிமிடம் மல்லுக்கு நிற்பதைவிட, அதற்கு ஒரு விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வதே அறிவு.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் வகுப்புக்கு அனுப்புவதால் மட்டும் வாசிப்புப் பழக்கம் வந்துவிடாது. நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளை ஓர் ஆங்கிலக் கட்டுரையை வாசிக்கட்டும். பின்னர் “இதில் என்ன சொல்லியிருக்கின்றது?” என்று தமிழிலேயே கேளுங்கள். சொல்வது கட்டுரையில் உள்ளதா, தன் எண்ணமா என்று அதனையே பிரித்துக் கூறச் செய்யுங்கள். இதற்கு நீங்கள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை.

இப்பழக்கம் பரீட்சையோடு முடிவதன்று. ஒருவர் சொன்னதைச் சொன்னபடி கொள்ளாது, சொல்லாததையுஞ் சேர்த்துக் கொண்டதனால் உறவுகள் முறிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். பிறர் சொன்னது இது, நாம் நினைத்தது இது என்று பிரித்தறியும் பிள்ளை எந்நாட்டிற் படித்தாலும், எம்மொழியில் வாசித்தாலும் நன்றாக வாழும்.