முகத்துவாரத்தின் முறை

பழவேற்காட்டுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் முன்பே முடிவாகிவிடுகிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம், 1613இல் எழுந்து இன்று புதருக்குள் மறைந்துபோன கெல்டிரியா கோட்டை, கலங்கரை விளக்கம், பருவத்தில் வரும் பூநாரைகள். ஊர்க்காரர்கள் விரும்புகிறவை வேறு. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் நீர் ஏறத் தொடங்கும் வேளை, விடியலில் மீன் இறங்கும் கரை, உயிர் நண்டின் கால்களை மடக்கிக் கட்டிப் போடுகிறவர்களின் கைவேகம், அன்று வலையில் விழுந்த மடவையில் அன்றே வைத்த குழம்பு, சேற்றிலிருந்து எடுத்த கணமே மின்னும் வெள்ளை இறால். முதல் பட்டியலில் இருப்பவை யாரும் உழைக்காமலே நிற்கக்கூடியவை. இரண்டாவதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அன்று காலை யாரோ ஒருவர் நீருக்குள் இறங்கியதால் கிடைத்தவை. இந்த ஊரின் இன்பங்கள் அதன் தொழிலிலிருந்து பிரிக்க முடியாதவை. தொழிலோ அங்குள்ளவர்கள் நீரை எப்படி முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது. ஊரை அழகுபடுத்த நினைக்கிறவர்கள் கரையில் இருக்கை போடுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டு ஆந்திர எல்லையில் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது இந்த ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. கடலிலிருந்து அதைப் பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் மழைக்காலத்தில் ஆரணி ஆறும் மற்ற ஆறுகளும் கொண்டுவரும் நன்னீரில் உப்பு கரைந்து போகிறது. கோடையில் நீர் ஆவியாகி, சில இடங்களில் கடலைவிட உப்பு ஏறிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஏரியை உயிரோடு வைத்திருக்கும் வாசல் முகத்துவாரம். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்ற நீரோடு உள்ளே வந்து, சேற்றிலும் பாசியிலும் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்கே திரும்புகின்றன. வாசல் மணலால் அடைபட்டால் உள்ளே வர வேண்டியதும் வராது, வெளியே போக வேண்டியதும் போகாது. சில மாதங்கள் அப்படி இருந்தாலே இறால் குறைகிறது, நண்டு குறைகிறது, கொடுவாயும் கிழங்கானும் குறைகின்றன. சந்தையும் வீட்டுக் குழம்பும் அதே அளவில் வற்றிப்போகின்றன.

இங்குள்ள தொழில்களில் என் மனத்தை அதிகம் பிடித்தது வலையே இல்லாத ஒன்று. இருளர் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் ஆண்களும் நீர் வற்றும் நேரம் பார்த்து ஏரிக்குள் இறங்குகிறார்கள். இடுப்பளவு நீரில் குந்தியும் முழங்காலிட்டும் வரிசையாக நகர்ந்து, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே போகிறார்கள். பகலில் இறால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். விரல் பட்டதும் அது பின்னோக்கித் தெறிக்கும் திசையைக் கை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அந்தத் திசையில் உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கி, தலைப்பக்கம் பிடித்து, பற்களில் கவ்வியிருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால்தான் பறி வாயில் இருக்கிறது. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை, நீர் கலங்கிவிடுகிறது. எந்தச் சேறு இறாலுக்கு உகந்தது, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இறால் நகரும், எங்கே கெளுத்தி முள் காத்திருக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் சேர்ந்த அறிவு. கருவி என்று சொல்ல ஒரு ஓலைப் பை மட்டும் இருப்பதால் இதை எளிய வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அறிவு முழுவதும் உடம்பிலேயே இருக்கும்போது அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை இப்படி வியந்து எழுதுவது பிறர் துன்பத்தை அழகாக்குவது ஆகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மணிக்கணக்கில் நீரில் கிடந்து தோல் ஊறிப்போகிறது, சிப்பி ஓடு காலைக் கிழிக்கிறது, கெளுத்தி முள் குத்தினால் வலி லேசில் அடங்காது. பிடித்ததற்கு விலை வைப்பதும் பல நேரங்களில் பிடித்தவர் அல்ல, முன்பணம் கொடுத்த வியாபாரி. பிள்ளைகள் இந்த வேலைக்கு வரக் கூடாது என்று பெற்றோர் நினைப்பது முற்றிலும் சரி. ஆனாலும் தொழில் கடினமானது என்பதற்காக அதன் நுட்பத்தைப் பார்க்க மறுத்தால், கடைசியில் அவர்களைத் திறனற்ற கூலிகள் என்றே கணக்கில் எழுதுவோம். நீர் கெட்டால் நஷ்ட ஈட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராமல் போவது அப்படித்தான். வலையும் படகும் சொத்தாக எண்ணப்படுகின்றன. விரல்களின் அறிவை யாரும் சொத்தாக எண்ணுவதில்லை.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் வலை போடுவதற்குப் பட்டினவர் என்னும் மீனவர் சாதியின் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. இறால் கடலுக்குத் திரும்பும் வழியில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டையும் வரும், இறாலும் மிஞ்சாது. எனவே இடங்களைப் பிரித்து, எந்த நாள் எந்தக் குழுவுக்கு என்று சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை மெலிந்த இடம் வரும். ஊர்ப் பஞ்சாயத்து அதை நடத்துகிறது, மீறினால் தண்டம் உண்டு. பொதுச் சொத்தை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், அது அழிந்தே தீரும் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்தச் சீட்டு ஒரு நேரடியான பதில். எழுதப்பட்ட சட்டம் அதிகம் இல்லாமலே, கிடைப்பது எல்லாருக்கும் சுற்றி வரும்படி அவர்களால் செய்ய முடிந்திருக்கிறது.

இங்கேதான் வலுவான எதிர்வாதம் எழுகிறது. பாடு எல்லாருக்குமானது அல்ல. குறிப்பிட்ட குப்பங்களின், குறிப்பிட்ட சாதியின் ஆண் தலைக்கட்டுகளுக்கே அது உரிமை. மற்றச் சாதி மீனவர்களும் தலித் மக்களும் இருளரும் வேறு இடங்களில், வேறு கருவிகளோடு ஒதுங்க வேண்டியிருந்தது. இறால் ஏற்றுமதியாகி விலை ஏறிய பிறகு மற்றக் குப்பங்கள் பங்கு கேட்டபோது மோதல்களும் நடந்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் வந்தபோது அங்கிருந்து பெயர்க்கப்பட்ட மீனவர் குடும்பங்கள் இந்தக் கரையில் குடியேறியதும் நெருக்கடியைக் கூட்டியது. ஆகவே பழைய முறையை அப்படியே போற்றுவதற்கு நான் தயாராக இல்லை. ஆனால் முறையே வேண்டாம், உரிமம் வாங்கியவர் பிடிக்கட்டும் என்ற தீர்வு இன்னும் மோசமானது. அதில் பெரிய வலையும் பெரிய பணமும் வைத்திருப்பவரே வெல்வார்; கையால் பிடிப்பவர் முற்றிலும் காணாமல் போவார். பாடு யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதில் குறை இருக்கிறது. சுற்றி வர வேண்டும் என்ற அதன் கணக்கு சரியானது. சீட்டில் சேர்பவர் வட்டத்தை விரிப்பதும், கைப்பிடி செய்பவர்களுக்கென்று சேற்றுப் பரப்புகளை ஒதுக்குவதும் ஊரும் மீன்வளத் துறையும் உட்கார்ந்து பேசிச் செய்யக்கூடியவை.

சுற்றுலா வந்தால் நீரில் இறங்கும் இந்தத் துன்பமே வேண்டாமே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஓரளவு பணம் வரும் என்பதை மறுக்கவில்லை. குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, மூடியோடு பெட்டி முடையும் இஸ்லாமியப் பெண்களுக்கு வாங்க ஆள் வருவது உண்மையான உதவி. வீட்டைவிட்டு வெளியே போகாமல் தங்கள் கைத்திறனால் கிடைக்கும் காசு அது. ஆனால் ஏரியையே காட்சிப் பொருளாக்கிப் படகு விட்டதன் விலையை இந்த ஊர் அறியும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசப் பயணம் வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீரின் போக்கை அறிந்தவர்களின் ஊரில், அந்த அறிவுக்கு இடம் தராத அவசரம் அப்படி ஒரு முடிவைக் கொண்டுவந்தது. ராக்கெட் ஏவும் நாளையும் எடுத்துக்கொள்ளலாம். கரையிலிருந்து அது எழுவதைப் பார்ப்பது ஊர்க்காரர்களுக்கும் பெருமையும் மகிழ்ச்சியும் தரும் காட்சிதான். அதே நாளில் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பும் வருகிறது. ஒரு நாள் தொழில் போனதை அந்தக் கூட்டத்தில் நிற்கும் பார்வையாளர் அறிய வாய்ப்பில்லை.

துறைமுகமும் மின்நிலையமும் வேலை தரும் என்பது இன்னொரு வாதம். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தால் இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் நீரில் படிந்த பிறகு, இதேபோல் கையால் இறால் பிடித்தவர்களின் தொழில் சுருங்கியது. அந்த விரல்களின் திறமைக்கு ஆலைகளில் எந்த வேலையும் காத்திருக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்த அனுபவம் ஒரு காரணம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள மெல்லிய மணல்திட்டு அரித்துப் போகும் என்ற அச்சம் மற்றொன்று. முகத்துவாரம் அடைபடாமலிருக்க இருபுறமும் கற்சுவர் எழுப்பும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு எடுத்தது நல்ல செய்தி. ஊர் நெடுநாள் கேட்டதும் அதுதான். வாசல் ஆண்டு முழுவதும் திறந்திருந்தால் நீரோட்டம் மாறும், மணல் வேறு இடங்களில் படியும், இன்று மெலிந்ததாக இருக்கும் இடம் நாளை வளமானதாக ஆகலாம். சீட்டில் இடங்களை மறுபடியும் வகுக்க வேண்டி வரும். அந்தப் பேச்சு தொடங்கும்போது, வாயில் பறியைக் கவ்விச் சேற்றைத் தடவுகிற பெண்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தச் சேறு எப்போது மாறியது என்பதை முதலில் அறியப்போகிறவர்கள் அவர்கள்.