மூடியில் எழுதியது

பங்குனி 2

குன்றத்துக்குத் தெற்கே ஒரு மல்லித் தோட்டம். விடியுமுன்பே பறிப்பு தொடங்கியிருந்தது. பங்குனித் திருக்கல்யாணத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் திருப்பரங்குன்றம் வரும் நாள் நெருங்குகிறது. பூ விலை ஏறிக்கிடக்கிறது. "மொட்டத் தொடாம இலைய மட்டும் கிள்ளிக்கங்க தம்பி" என்றார் தோட்டக்காரர். எனக்கும் கொழுந்துதான் வேண்டும்; முற்றிய இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது பெரும்பாடு. செடிக்கு இரண்டு இலை, சிலிக்கா ஜெல் போட்ட உறை, மேலே ஓர் எண். இங்கே 12 செடி.

"நாத்து எங்கய்யா தங்கச்சிமடத்துல இருந்து வாங்கியாந்தது" என்றார். என் கேள்வியே அதுதான். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் நாற்றோ பெரும்பாலும் ராமேசுவரம் தீவிலுள்ள அந்தத் தங்கச்சிமடத்துப் பக்கமிருந்து வருகிறது. குச்சி வெட்டி வேர்பிடிக்க வைப்பதால் ஒவ்வொன்றும் தாய்ச்செடியின் நகல். அப்படியென்றால் அந்தத் தடித்த இதழும் மணமும் மண் தந்ததா? செடிக்குள்ளும் ஏதாவது மாறியிருக்கிறதா? தங்கச்சிமடத்து 12 உறைகள் போன வாரமே வந்துவிட்டன.

பங்குனி 9

டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் கருவி இருக்கும் பொது ஆய்வகம். ஒரு தட்டில் 96 குழி: எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி. என்னிடம் இருப்பது 24. மிச்சக் குழிகளுக்கு வேறு கல்லூரிகளின் மாதிரிகள் வந்து சேர வேண்டும். பெரியார் பேருந்து நிலைய ஷேர் ஆட்டோ கதைதான். ஆள் நிறையாமல் வண்டி எடுக்க மாட்டார்கள்.

இலைகளிலிருந்து பிரித்த டி.என்.ஏ. 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் விகிதம் 1.8-ஐ ஒட்டி இருந்தது. சுத்தமான டி.என்.ஏ. நிம்மதியோடு ஐஸ் பெட்டியிலிருந்து குப்பிகளை எடுத்தேன். எண் எழுதிய மூடியெல்லாம் ஈரம். ஸ்பிரிட் நனைத்த டிஷ்யூவால் ஒரு துடை. டிஷ்யூ கறுத்தது. 11, 12, 13 மூன்றின் மூடியும் மொழுமொழுவென்று வெள்ளையாகிவிட்டன. முதலிரண்டும் குன்றத்துத் தோட்டம், 13 தங்கச்சிமடம். எந்தக் குப்பி எது?

"எல்லாம் ஒரே செடின்னுதான வரப்போகுது, குத்துமதிப்பா எழுதிரு" என்றான் கூட வந்த நண்பன். ஒரு நிமிடம் எனக்கும் கை பரபரத்தது. ஆனால் ஒன்று மட்டும் வேறாக வந்துவிட்டால்? கருவி எழுத்துகளைத் துல்லியமாகப் படித்துத் தரும். அது யார் தோட்டத்து இலை என்று கருவிக்குத் தெரியாது. 21 குப்பிகளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பங்குனி 10

தூக்கம் வரவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழு செய்த வேலை நினைவுக்கு வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கத்துக்காரர் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்ற மரபுக்குறி தென்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போனவர்களின் தடம் அது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் தன் ஆவணப்படத்துக்காக அந்த ஊருக்கே வந்து, ரத்தம் கொடுத்தவரிடம் சேதியைச் சொன்னார். குப்பியில் இருந்த எண் ஒரு வீட்டு வாசல்வரை வழிகாட்டியதால்தானே அது முடிந்தது!

பங்குனி 11

மறுபடி தோட்டம். உறையில் இலை மிச்சமில்லை. 11, 12 இரண்டு செடியிலும் புதிதாகக் கிள்ள வேண்டும். "போன வாட்டி எடுத்தது என்னாச்சு?" என்றார். நம்பர் அழிந்துபோச்சு என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார்.

"மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போற மூட்டையில சீட்டு விழுந்துட்டா, யாரு பூவுன்னு எவன் சொல்லுவான்? எல்லாம் மல்லிதான. ஆனா காசு எனக்குல்ல வரணும்!"

இந்த முறை உறையில் பென்சிலால் எழுதினேன். ஸ்பிரிட்டுக்கு அழியாது. உள்ளேயும் ஒரு துண்டுச்சீட்டு போட்டேன். 13-க்காக அடுத்த வாரம் தங்கச்சிமடத்துக்கு பஸ் ஏற வேண்டும்.